திரும்பி வந்த காணியில் வேளாண்மையும் தோட்டமும்: திருகோணமலை மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இக்கேள்விகள் யாருடைய நிலைமையைப் பற்றியவை?

போரினால் ஊரைவிட்டு வெளியேறி, ஆண்டுக்கணக்கில் முகாம்களிலோ உறவினர் வீடுகளிலோ கடல் கடந்தோ இருந்துவிட்டு, மீண்டும் திருகோணமலை மாவட்டத்தில் காணிக்குத் திரும்பிய சிறு விவசாயக் குடும்பங்களின் நிலைமையைப் பற்றியவை. தென்னமரவாடி மக்கள் 1984இல் வெளியேறினார்கள். திரியாய், குச்சவெளிப் பக்கத்தவர்களில் பலர் 1990இல் புறப்பட்டு, ஒரு பகுதியினர் மண்டபம் வழியாகத் தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றார்கள். சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் இடைத்தங்கல் முகாம்களில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளைக் கழித்தார்கள். மூதூர் முஸ்லிம் மக்கள் 2006 ஆகஸ்டில் கந்தளாய்ப் பக்கம் ஓடி, அடுத்த மாதமே திரும்பினார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். வெளியே இருந்த காலம் எவ்வளவு நீண்டதோ அவ்வளவுக்குக் காணியின் நிலையும், ஆவணங்களின் நிலையும், கையிலிருந்த தொழிலறிவின் நிலையும் மாறியிருக்கின்றன. ஆகவே கீழுள்ள பதில்களில் எது தமக்குப் பொருந்தும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் காலக்கணக்கை வைத்தே பார்க்க வேண்டும்.

ஓர் ஏக்கர் வயல் இருந்தால் ஐந்து பேர் கொண்ட குடும்பம் பிழைக்க முடியுமா?

சாப்பாட்டுக்கு முடியும், நீர்ப்பாசனம் இருந்தால். பிழைப்புக்குப் போதாது. கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு ஆண்டுக்கு 110 கிலோ அரிசி என்று வைத்தால் ஐந்து பேருக்கு 550 கிலோ வேண்டும். நெல்லைக் குற்றினால் நூற்றுக்கு 65 பங்கு அரிசி தேறும் என்று கொண்டால், அதற்கு ஏறத்தாழ 850 கிலோ நெல், அதாவது 41 புசல் வரை தேவை. அல்லை நீர்ப்பாசனத் திட்டத்திலோ கந்தளாய்க் குளத்தின் கீழோ உள்ள வயலில் ஏக்கருக்கு 80 புசல் எடுத்தாலும், அடுத்த போகத்துக்கு விதைநெல்லாக 2 புசலை ஒதுக்கிய பின் விற்பதற்கு மிஞ்சுவது 37 புசல்தான். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த கிலோவுக்கு 120 ரூபா என்ற உத்தரவாத விலையே கிடைத்ததாக வைத்துக்கொண்டால்கூட அது 93,000 ரூபாவுக்குள் அடங்கும். உழவுக் கூலி, பசளை, களைநாசினி, அறுவடை இயந்திர வாடகை ஆகிய எல்லாம் இந்தத் தொகைக்குள் இருந்துதான் போக வேண்டும். எனவே ஓர் ஏக்கர் நீர்ப்பாசன வயல் என்பது வீட்டில் அரிசி இருக்கும் என்பதற்கான உத்தரவாதமே ஒழிய, பிள்ளையின் படிப்புச் செலவுக்கோ மருத்துவச் செலவுக்கோ பதில் அல்ல.

மானாவாரி வயலில் நிலைமை இன்னும் கடினமானது. மழை சரியாகப் பெய்த ஆண்டில் 35 புசல் கிடைத்தாலும், அது ஐந்து பேரின் சாப்பாட்டுக்கே முழுமையாகக் காணாது. சம்பூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பிரதேசங்களில் திரும்பி வந்தவர்களின் வயல்களில் பெரும் பங்கு வானத்தையோ சிறு குளங்களையோ நம்பியவை என்பதை மறந்துவிட்டு, "காணி கொடுத்தாயிற்று, இனி அவர்கள் சொந்தக் காலில் நிற்கட்டும்" என்று சொல்வது கணக்குத் தெரியாத பேச்சு. வயலோடு தோட்டமும், தோட்டத்தோடு மாடோ கோழியோ, அதோடு வெளியே கூலி வேலையோ மீன்பிடியோ சேர்ந்தால்தான் இம்மாவட்டத்தில் ஒரு சிறு விவசாயக் குடும்பம் ஆண்டை ஓட்டுகிறது. போருக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது.

மீள்குடியேறிய முதலாவது ஆண்டிலேயே இத்தனை குடும்பங்கள் கடன்படுவது ஏன்?

மக்களைத் திரும்ப அழைத்து வரும் நாளை நிர்வாகம் தீர்மானிக்கிறது. விதைக்கும் நாளை மழை தீர்மானிக்கிறது. இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். இம்மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றினால் வருகிறது. ஆவணி, புரட்டாதியில் காணியைத் துப்புரவாக்கி, முதல் மழையோடு விதைத்து, தை, மாசியில் அறுக்கும் பெரும்போகமே மானாவாரி விவசாயிக்கு ஆண்டின் ஒரே நெற்போகம். அதைத் தவறவிட்டவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

சம்பூரை எடுத்துக்கொள்வோம். முதலில் உயர் பாதுகாப்பு வலயம் என்றும், பின்னர் அனல்மின் நிலையத்துக்கான நிலம் என்றும், கைத்தொழில் வலயம் என்றும் மாறி மாறிச் சொல்லப்பட்ட இக்காணிகளில், முதலீட்டுச் சபையின் பொறுப்பிலிருந்த 818 ஏக்கர் 2015 ஆகஸ்டில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. கடற்படை முகாம் அமைந்திருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. ஆகஸ்டில் வந்தவருக்கு மழைக்கு முன் இரண்டு மாதங்கள் இருந்தன என்றாலும், ஒன்பது ஆண்டு வளர்ந்த பற்றைக்காட்டையும் அழிந்துபோன வரம்புகளையும் அந்த இரண்டு மாதத்தில், வீடு கட்டிக்கொண்டே, கையால் சரிசெய்ய முடியாது. மார்ச்சில் வந்தவருக்கோ முதல் நெல் 2017 பெப்ரவரியில்தான் கைக்கு வர முடியும். நடுவே பதினொரு மாதங்கள். மீள்குடியேறியவர்களுக்கு உலர் உணவு நிவாரணம் பொதுவாக ஆறு மாதங்களை அளவாகக் கொண்டே திட்டமிடப்படுகிறது. மிச்ச ஐந்து மாதங்களுக்கு அக்குடும்பம் எதைச் சாப்பிடும் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அந்த இடைவெளியைத்தான் கடைக்காரரின் கொப்பியும், நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணையும், நெல் வியாபாரியின் முற்பணமும் நிரப்புகின்றன.

நிவாரணத்தை மீள்குடியேறிய நாளிலிருந்து எண்ணாமல், முதல் அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதே என் கருத்து. மாசியில் அறுவடை என்றால் மாசி முடியும் வரை உலர் உணவு. இதற்குப் புதிய திட்டமோ புதிய நிதியமோ தேவையில்லை. பிரதேச செயலகத்தின் மேசையில் பயிர்ச்செய்கை நாட்காட்டியும் இருந்தால் போதும்.

பற்றைக்காடாகிவிட்ட காணியில் எதை முதலில் செய்வது?

முதலில், அப்பகுதி கண்ணிவெடி அகற்றப்பட்டதாகச் சான்றளிக்கப்பட்டதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சான்றளிக்கப்பட்ட இடத்திலும் சந்தேகமான உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், அடையாளமிட்டு, பொலிஸாருக்கு அறிவியுங்கள். பற்றைக்குத் தீ வைப்பது மலிவான வழியாகத் தோன்றினாலும், வெடிபொருள் எஞ்சியிருக்கக்கூடிய இடத்தில் அதைச் செய்யவே கூடாது.

அடுத்தது எல்லை. வேலிகள் மறைந்த காணியில் அவரவர் நினைவை வைத்து எல்லை போடப் புறப்பட்டால் அயலவரோடு பகைதான் மிஞ்சும். அந்தக் காலத்துக் கிணறு, பனை, ஆலமரம் போன்ற அடையாளங்களை இரு பக்கத்தாரும் சேர்ந்து நின்று பார்த்து, ஊர்ப் பெரியவர்களின் முன்னிலையில் முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு நில அளவையாளரைக் கேட்பது நல்லது.

முழுக் காணியையும் ஒரே ஆண்டில் வெளியாக்க முயலாதீர்கள். பெக்கோ இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து மூன்று ஏக்கரையும் வெட்டிவிட்டு, விதைக்கவும் காவல் காக்கவும் கையில் ஒன்றுமில்லாமல் இருந்தால், அடுத்த மாரிக்குள் பற்றை மறுபடி எழுந்துவிடும். வீட்டைச் சுற்றிய அரை ஏக்கரும், வயலில் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த துண்டும் முதலாண்டுக்குப் போதும்.

முதலாண்டில் எதைப் பயிரிடலாம்?

விரைவில் சாப்பிடக் கிடைப்பதையும், பணம் அதிகம் கேட்காததையும். கீரை மூன்று நான்கு வாரத்தில் வரும். வெண்டியும் பயற்றையும் இரண்டு மாதத்துக்குள் காய்க்கத் தொடங்கும். பயறும் கவ்பியும் ஏறத்தாழ இரண்டரை மாதம். கச்சான் மூன்று மாதத்துக்கு மேல். மரவள்ளி எட்டு ஒன்பது மாதமெடுத்தாலும் வேண்டியபோது தோண்டி எடுக்கலாம் என்பதால், மேலே சொன்ன அந்தப் பதினொரு மாத இடைவெளிக்கு இதைவிட நம்பகமான பயிர் இல்லை. பன்றி வராத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிலாவெளி, கும்புறுப்பிட்டிப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் வெங்காயமும் கச்சானும் நன்றாக வரும். வெங்காயத்தில் நல்ல இலாபம் உண்டு என்பது உண்மை. ஆனால் விதை வெங்காயத்துக்கே பெரிய முதல் வேண்டும், விலை ஒரு வாரத்தில் சரியும். கடன் வாங்கி வெங்காயத்தில் இறங்குவதை முதலாண்டில் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நெல்லில், மழை பிந்திய ஆண்டுகளில் மூன்று மாத இனங்களான பிஜி 300, ஏடி 308 போன்றவை மூன்றரை மாத இனங்களைவிடப் பாதுகாப்பானவை. விளைச்சல் சற்றுக் குறையலாம். ஆனால் மாசி வெயில் பிடிக்கும் முன் கதிர் முற்றிவிடும். ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் போதுமானது. பயம் காரணமாக மூன்று புசல் எறிபவர்கள் விதையையும் பசளையையும் சேர்த்தே வீணாக்குகிறார்கள்.

தண்ணீருக்கு என்ன வழி?

இடத்துக்கு இடம் வேறு. அல்லைத் திட்டத்தின் வயல்கள் மகாவலியின் கிளையான வெருகலாற்றிலிருந்து மாவிலாற்று அணைக்கட்டு வழியாக நீர் பெறுகின்றன. 2006 ஜூலையில் அந்த மதகு மூடப்பட்டதே கிழக்கில் மீண்டும் முழுப் போர் தொடங்கக் காரணமானது என்பதை இம்மாவட்டத்தில் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த மகாவலி வெள்ளத்தில் மாவிலாற்று அணை உடைப்பெடுத்து, மூதூர், வெருகல், சேருவில் பக்கங்கள் நீரில் மூழ்கின. பெரும்போகம் விதைத்து முளைத்து நின்ற நேரம் அது. ஆகவே ஆற்றுப் பாசனத்தின் கீழிருப்பவர் தண்ணீர்ப் பஞ்சத்தை மட்டுமல்ல, தண்ணீர் மிகுதியையும் எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். விதைநெல்லில் ஒரு பகுதியை வீட்டின் உயரமான பரணில் வைத்திருப்பவர்தான் வெள்ளம் வடிந்ததும் மறுபடி விதைக்க முடியும்.

சிறு குளங்களின் கீழுள்ள வயல்களுக்குக் குளக்கட்டும் துருசும் (நீர் திறக்கும் மதகும்) பழுதுபார்க்கப்பட்டனவா என்பதே முதற்கேள்வி. ஊரில் ஆளில்லாத ஆண்டுகளில் கட்டில் மரம் முளைத்து, வேர் ஓடிய குளம், வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் பெருமழையில்தான் கசிவு தெரியும். கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குரிய சிறு குளமா, நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியதா என்று அறிந்து, கமக்கார அமைப்பின் பெயரில் எழுத்தில் விண்ணப்பியுங்கள். தனிநபர் கடிதம் மேசையில் கிடக்கும்.

கரையோரத்தில் கிணறுதான் கதி. கச்சான் எனப்படும் தென்மேல் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை மண் ஒரே நாளில் காய்ந்துவிடுவதால், நீரிறைக்கும் இயந்திரத்தை மணிக்கணக்கில் ஓட விடுவது வழக்கமாகியிருக்கிறது. கடலுக்கு அண்மையில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும், ஏறிய உப்பு ஒரு மாரியில் போகாது. காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறைப்பதும், பாத்திக்கு வைக்கோல் மூடாக்குப் போடுவதும், ஆழமான குழாய்க்கிணற்றைத் தவிர்த்து அகன்ற கட்டுக்கிணற்றை வைத்திருப்பதும் அங்கு கட்டாயம்.

அனுமதிப்பத்திரம் தொலைந்துவிட்டது, அல்லது பெயருக்குரியவர் இறந்துவிட்டார். காணி போய்விட்டதா?

இல்லை. இம்மாவட்டத்துச் சிறு விவசாயிகளில் பலரிடம் இருப்பது உறுதிக்காணி அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோதான். காகிதம் தொலைந்தாலும் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் அதன் பதிவு இருக்க வேண்டும். அங்கு இல்லையெனில் காணி ஆணையாளர் திணைக்களத்தில் தேடலாம். போரில் செயலகங்களே எரிந்த இடங்களும் உண்டு. அப்படியானால் பழைய பசளை மானியப் பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையத்தின் வயற்காணி இடாப்பு, வாக்காளர் இடாப்பு, குளத்துக் கூட்டத்தின் பழைய குறிப்பேடு ஆகிய ஒவ்வொன்றும் சான்றாகப் பயன்படும். வடக்கு, கிழக்கு அரச காணிப் பிணக்குகளைத் தீர்ப்பதற்கென்றே காணி ஆணையாளர் நாயகம் 2013/01 எனும் சுற்றறிக்கையை வெளியிட்டிருந்தார் என்பதையும் அதிகாரியிடம் சுட்டிக்காட்டலாம்.

இடம்பெயர்ந்திருந்த காரணத்தால் அனுமதிப்பத்திரம் தானாகவே இரத்தாவதில்லை. இரத்துச் செய்வதற்கு அறிவித்தல் கொடுத்து, விசாரணை நடத்த வேண்டும். அப்படி எதுவும் நடக்காமல், உங்கள் காணி வேறொருவருக்கு வழங்கப்பட்டிருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தை அணுகுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அது கட்டணம் வாங்காது. இப்போது அக்காணியில் இருப்பவரும் பல வேளைகளில் உங்களைப் போல இடம்பெயர்ந்து வந்த ஏழையாகவே இருப்பார் என்பதையும் மனத்தில் வைத்துப் பேசுவது, வழக்கைச் சுருக்கும்.

பின்னுரிமை, அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்பது, எழுதப்படாமல் உரிமையாளர் இறந்த காணிகளில் முன்பு மூத்த ஆண்மகனுக்கே முன்னுரிமை இருந்தது. 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியிருக்கிறது. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் உயிரோடிருக்கும்போதே பின்னுரிமையாளரைப் பதிந்துவிடுவது, பிள்ளைகளுக்கிடையே வழக்கு வராமல் தடுக்கும் மிக மலிவான வழி.

நாங்கள் காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்காணி இப்போது வனம் என்று எல்லைக்கல் போடப்பட்டுள்ளது. என்ன செய்வது?

இது கடினமான கேள்வி, எளிய பதில் இல்லை. மக்கள் இல்லாத ஆண்டுகளில் வளர்ந்த காட்டை, போருக்குப் பின் வனவளத் திணைக்களம் வரைபடத்தில் வனமாகக் குறித்த இடங்கள் இம்மாவட்டத்தில் பல. சேனைக்கு அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் இருந்ததில்லை. வழக்கம் மட்டுமே இருந்தது. எல்லைக்கல்லைப் பிடுங்குவது குற்றவழக்கில்தான் முடியும். மரங்களின் வயதைக் காட்டி இது பழங்காடு அல்ல என்று நிறுவுவதும், 1990க்கு முந்திய வரைபடங்களையும் குடியிருப்புத் தடயங்களையும் சேர்ப்பதும், தனித்தனியாகப் போகாமல் முழு ஊராகப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் விடயத்தை எழுப்புவதும் பலன் தரக்கூடிய வழிகள். பலன் உறுதியென்று சொல்ல மாட்டேன்.

பெண் தலைமை தாங்கும் குடும்பம் வேளாண்மை செய்ய முடியுமா?

வேலை தெரியாமல் எந்தப் பெண்ணும் தோற்றதில்லை. நாற்று நடுவது, களை பிடுங்குவது, அரிவு வெட்டுவது எல்லாவற்றையும் பெண்களே நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள், ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு. தடை வேறிடத்தில் இருக்கிறது. உழவு இயந்திரக்காரர் கடைசியாகத்தான் அவருடைய வயலுக்கு வருவார். இரவில் வாய்க்காலில் நீர் திருப்பப் போவது சிரமம். யானைக் காவலுக்குப் பரணில் இருப்பது சிரமம். கமக்கார அமைப்பின் கூட்டத்தில் கணவர் பெயரே இன்னமும் வாசிக்கப்படும். கணவர் காணாமலாக்கப்பட்ட குடும்பங்களில் மரணச் சான்றிதழ் இல்லாமலே காணி விடயத்தைப் பேச வேண்டியிருக்கிறது. பதிவாளர் நாயகம் திணைக்களம் வழங்கும் காணாமற்போனமைக்கான சான்றிதழ் இதற்கு உதவும். அருகருகே வயலுள்ள நான்கைந்து பெண்கள் ஒன்றாக ஒரே நாளுக்கு உழவு இயந்திரத்தைப் பேசிக்கொண்டு, கைமாற்றாக வேலை செய்வது நடைமுறையில் வெற்றி கண்ட முறை. அமைப்பில் தம் சொந்தப் பெயரில் உறுப்புரிமை எடுப்பதை அவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

தமிழ்நாட்டு முகாமில் பிறந்த பிள்ளைகளோடு திரும்பியிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

தமிழ்நாட்டில் 2021 முதல் மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கப்படும் இடங்களில் இன்றும் 50,000க்கு மேற்பட்ட இலங்கைத் தமிழர் வாழ்கிறார்கள். அங்கே குடும்பத்துக்கு ஒரு சிறு வீடும் அரசின் பணக்கொடையும் உண்டு, பயிர்நிலம் இல்லை. ஆண்கள் வர்ணம் பூசுதல், கட்டட வேலை என்றே வளர்ந்திருக்கிறார்கள். முப்பது வயதான ஒருவர் சொந்த ஊருக்கு வந்து, தாத்தாவின் வயலில் நிற்கும்போது மண்வெட்டி பிடிப்பதிலிருந்து கற்க வேண்டியிருப்பது அவருடைய குறையல்ல. பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்று பெறாத பிள்ளைகள் இருந்தால் முதலில் அதை முடியுங்கள்; அடையாள அட்டை இல்லாதவருக்குப் பசளை மானியமும் வங்கிக் கணக்கும் கிடையாது. பிறகு, முதற்போகத்தைத் தனியாகச் செய்யாமல், அயல் விவசாயி ஒருவரோடு பங்குக்குச் செய்யுங்கள். விளைச்சலில் பாதி போனாலும், நீர் கட்டுவதும், கபிலநிறத் தத்திப் பூச்சி விழுந்ததைக் கண்டுபிடிப்பதும், எந்த மருந்துக் கடைக்காரரின் பேச்சை நம்பக் கூடாது என்பதும் அந்த ஒரு போகத்தில் தெரிந்துவிடும். கட்டடத் தொழிலையும் விட்டுவிடாதீர்கள். வேளாண்மை இல்லாத மாதங்களில் அதுவே சோறு போடும்.

உகண்டாவில் அகதிகளுக்கே காணி கொடுக்கிறார்களாமே, அதுபோல் ஏன் இங்கு இல்லை?

கொடுக்கிறார்கள் என்பது உண்மை. உகண்டா பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட அகதிகளை வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கு வேலை செய்யவும் நடமாடவும் உரிமை தருகிறது. 1958இல் தொடங்கிய நக்கிவாலே போன்ற பழைய குடியேற்றங்களில் முதலில் வந்தவர்களுக்குப் பயிரிடத்தக்க அளவு நிலம் கிடைத்தது. ஆனால் 2016 ஆகஸ்டில் தென்சூடானியர்களுக்காகத் திறக்கப்பட்ட பிடிபிடி குடியேற்றத்தில் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட துண்டு 30 மீற்றருக்கு 30 மீற்றர். நம் கணக்கில் அது ஏறத்தாழ 36 பேர்ச், கால் ஏக்கருக்கும் குறைவு. வீடு, சமையற்கட்டு, மலசலகூடம் எல்லாம் அதற்குள்தான். அத்துண்டில் கீரையும் கொஞ்சம் சோளமும் செய்யலாம், ஆண்டு முழுவதற்கான தானியம் செய்ய முடியாது. கூடுதல் நிலம் வேண்டியவர்கள் அயல் ஊர் மக்களிடம் குத்தகைக்கோ பங்குக்கோ எடுக்கிறார்கள். பயன்படுத்தும் உரிமை உண்டு, உடைமை இல்லை.

2023இல் நிதி வற்றியபோது உலக உணவுத் திட்டம் அங்குள்ள அகதிகளை மூன்று பிரிவாக்கி, மிக நலிந்தோருக்கு முழுப் பங்கில் 60 வீதமும், நடுப்பிரிவினருக்கு 30 வீதமும் கொடுத்து, தாமாகவே சமாளிப்பார்கள் என்று கணிக்கப்பட்டோருக்கு நிறுத்திவிட்டது. காணி இருக்கிறது என்பதே உணவை நிறுத்துவதற்கான காரணமாக மாறுவது கிளிவெட்டியிலிருந்து திரும்பியவர்களுக்குப் புதிய கதை அல்ல. நம் மக்களிடம் உள்ள வேறுபாடு, அவர்கள் வந்திருப்பது சொந்த ஊருக்கு, சொந்த நாட்டின் குடிமக்களாக. ஆகவே இங்கு கேட்க வேண்டியது உகண்டா போன்ற சலுகையை அல்ல. பறிக்கப்பட்ட காணி முழுவதையும், அதற்கான நீரையும், முதல் அறுவடை வரையான உணவையும்.

யானைத் தொல்லைக்கு?

மின்வேலி உள்ள இடத்தில் அதைப் பராமரிப்பது யார் என்பதை எழுத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்; கொடி படர்ந்து மின்சாரம் இறங்கிய வேலி வெறும் கம்பி. வனஜீவராசிகள் அலுவலகம் தரும் யானைவெடி அளவாகத்தான் கிடைக்கும். ஊருக்கு ஊர் தனித்தனியாக விரட்டுவதைவிட, ஒரு வட்டை முழுவதும் ஒரே வாரத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுப்பது காவல் நாட்களைக் குறைக்கும்.

தொண்டு நிறுவனம் தரும் வாழ்வாதாரப் பொதியை ஏற்கலாமா?

ஏற்கலாம்; எதைத் தருகிறார்கள், எந்த மாதம் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டு. மாசியில் வந்த விதைநெல்லால் கோழிக்குத்தான் பயன். மழைக்கு முன் உழவுக் கூலியைப் பணமாகத் தருவதும், கிணற்றைத் துப்புரவாக்கித் தருவதும், நல்ல முள்வேலிக் கம்பி தருவதும் எப்போதும் வீண்போகாத உதவிகள். கறவை மாடு தருவதாகச் சொன்னால் மேய்ச்சல்தரை எங்கே என்று கேளுங்கள். எருமைத் தயிருக்கும் பாலுக்கும் பெயர்பெற்ற மாவட்டம் இது என்றாலும், பெரும்போகத்தில் வயலெல்லாம் விதைத்திருக்கும்போது மாடுகளைக் கொண்டுபோக இடமில்லாமல் திண்டாடுவது மூதூர், கிண்ணியா, வெருகல் எங்கும் ஒன்றுதான். புல்லுக்கு நிலமில்லாத குடும்பத்துக்கு ஒரு கலப்பினப் பசு சுமை.

அறுவடை நேரத்தில் நல்ல விலைக்கு விற்பது எப்படி?

முற்பணம் வாங்கியவரால் முடியாது. அவருடைய நெல் வயலிலேயே விலை பேசப்பட்டுவிட்டது. முற்பணம் வாங்காதவருக்கும், அறுவடை இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு இறங்கும் நெல்லைக் காயவைக்கத் தளமும் ஓரிரு நாள் வெயிலும் வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லையே உத்தரவாத விலைக்கு எடுக்கிறது. அது கொள்வனவைத் தொடங்குவதற்குள் சிறு விவசாயி விற்று முடித்திருப்பதும் வழக்கம். வீட்டுத் தேவைக்கான 41 புசலை முதலில் உள்ளே ஏற்றிவிட்டு, மிச்சத்தில் கடன் தவணைக்கு வேண்டிய மூடைகளை மட்டும் உடனே விற்று, மீதியைச் சித்திரைக்குப் பின் விற்பவர்கள் ஓரளவு தப்புகிறார்கள். மாசியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஆவணியில் கடையில் அரிசி வாங்கும் குடும்பம், தன் நெல்லையே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குகிறது.

பசளை மானியத்துக்கும் காப்புறுதிக்கும் எங்கே பதிவது?

உங்கள் வயல் அமைந்துள்ள பிரதேசத்தின் கமநல சேவை நிலையத்தில், விதைப்புக்கு முன். நெல்லுக்கான மானியம் 2024இல் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது வங்கிக் கணக்குக்கே வரும். வெள்ளம், வறட்சி, யானை ஆகியவற்றால் பயிர் அழிந்தால் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையிடம் இழப்பீடு கோரலாம், ஆனால் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், சேதம் நடந்தவுடன் அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரச் சிக்கல் தீராத காணியில் பயிரிடுபவர்கள், பயிர்ச்செய்கை செய்வதைக் கமக்கார அமைப்பின் கடிதத்தோடு உறுதிப்படுத்திப் பதியக் கேட்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். நீர் விடும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடு கட்டும் நாள் எல்லாம் தீர்மானிக்கப்படும் பெரும்போக ஆரம்பக் கூட்டம் வழமையாகப் புரட்டாதி, ஐப்பசியில் நடக்கும். திகதியை, வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையிடம் கேட்டறிந்து, அதற்கு முதல் நாளே பதிவை முடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.